ரெண்டு வெயில் காயவைத்து எடுத்து வா

அத்தியாயம் 11

"மருமக வயித்துக்குள்ள இருக்கறது பேரனோ பேத்தியோ, யாரா வேணா இருக்கட்டும்யா. நான் போயி நின்னு மூணு தரம் குரல் குடுத்தேன்னு வை, திரும்பிப் பாத்து, ரெண்டு கையையும் தூக்கி, எனக்கு ஒரு கும்புடு போடும். போடலேன்னா இந்த மீசைய எடுத்துடறேன்!"

காலை ஏழே முக்காலுக்கு, செஞ்சி பஜார் டீக்கடையில், பதினேழு பேர் சாட்சியாக அரிகிருஷ்ணன் இப்படி முழங்கினார். அந்தச் சத்தத்தில் ராஜகிரிக் கோட்டை உச்சியில் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்குகள்கூட ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தின. அவ்வளவு குரல். கடலை மண்டியில் நாற்பது வருஷம் ஏலம் விட்ட குரல். இப்போது மார்க்கெட் கமிட்டியில் ஏலமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. குரல் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

டீக்கடை நம்பியது. மூட்டை மேல் கை வைத்தே உள்ளே எத்தனை சொத்தைப் பருப்பு என்று சொல்லிவிடுவதாக அவர் சொன்னதை நம்பிய ஊர், இதை மட்டும் ஏன் நம்பாது?

நம்பாத ஒரே ஆள் அவர் மனைவி ஆண்டாள். முப்பத்தி நாலு வருஷமாக அவர் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர் தன் வயதைச் சொன்னார் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது.

"மீசையையும் எடுத்துட்டா அந்த மூஞ்சில அப்புறம் இன்னா இருக்குது?" என்றாள், ஆட்டோவுக்குள்ளிருந்து. "வந்து ஏறுங்க. ஸ்கேனுக்கு டோக்கன் பதினாலு. லேட்டாவுது."

ஆட்டோவின் பின்சீட்டில், மாமியாருக்குப் பக்கத்தில் ரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். டீக்கடையில் வடை வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்கு எதிராக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம் கொள்ளு ரசத்தை டம்ளரோடு அவள் முற்றத்தில் விட்டெறிந்ததில் நின்றோம். ஏன் எறிந்தாள் என்பதை, ஆட்டோ திண்டிவனம் ரோட்டைத் தொடுவதற்குள் சொல்லிவிடலாம்.

ரஞ்சனி அந்த வீட்டின் ஒரே மருமகள். மண்டியில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். நாலு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. அவள் எடை நூற்றாறு கிலோ. பத்தொன்பதாவது வாரத்தில் வெளியூரில் ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது நாலே சொல்: "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க." ரிப்போர்ட்டில் மட்டும் கொஞ்சம் தாராளமாக எழுதியிருந்தார்: தாயின் உடல் பருமன் காரணமாகக் குழந்தையின் இதயம் தெளிவாகத் தெரியவில்லை.

இதயம். மற்றதெல்லாம் தெரியாமல் போயிருந்தால்கூட ரஞ்சனி தூங்கியிருப்பாள். அவள் அக்கா யுவஸ்ரீயைப் பனமலையில் கொடுத்திருந்தது. அக்காவின் முதல் பிள்ளை, பிறந்த மூன்றாம் நாள் உதடு நீலமானது. பதினோராம் நாள் பிள்ளையே இல்லை. இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய குழாயும் இடம் மாறி இருந்ததாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் சென்னையிலேயே பிரசவம் வைத்து, உடனே ஆபரேஷன் செய்து, காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார்கள். அந்த 'தெரிந்திருந்தால்' ரஞ்சனியின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது.

ஆனால் அந்த நாலு சொல்லுக்கு வீட்டில் வேறு அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

"ஈர மூட்டை வந்தா மண்டியில இன்னா சொல்றோம்?" என்றார் அரிகிருஷ்ணன். "'ரெண்டு வெயில் காயவச்சு எடுத்துனு வா'ன்னு திருப்பி அனுப்பறோம் இல்ல? அதத்தான் அந்த டாக்டர் நாசூக்கா ரெண்டு வாரம்னு சொல்லியிருக்காரு. கொஞ்சம் வத்தினா தெரியும்ன்றாரு."

தீர்ப்பு ஆயிற்று. காலையில் கொள்ளுக் கஞ்சி. மதியம் கொள்ளு ரசம். ராத்திரி கொள்ளுச் சுண்டல். எண்ணெய் இல்லை, வெல்லம் இல்லை, சோறு ஒரு பிடி. சாயங்காலம் கடலை காயப்போடும் களத்தை அவள் பன்னிரண்டு சுற்று சுற்ற வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் அந்த அடுப்பில் வெந்த கொள்ளைப் பார்த்திருந்தால், கோட்டையை ஆண்ட ராஜாக்களின் குதிரைப்படை மொத்தமும் வாசலில் வந்து வரிசை கட்டியிருக்கும்.

கணவன் சிவசங்கர் அப்பாவை எதிர்த்து வாய் திறந்ததே இல்லை. "நைனா சொன்னா சரியாத்தான்டி இருக்கும்" என்றான். அவனுக்கு நைனா சொன்னால் சூரியன்கூட மேற்கே உதிக்கும்.

இரண்டு வாரத்தில் ரஞ்சனி இளைத்தது ஒன்றரை கிலோ. நூற்றாறில் ஒன்றரை.

ஆட்டோ நின்றது. ஸ்கேன் சென்டர் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. கர்ப்பிணிகள் மட்டுமே வரும் இடத்தை மாடியில் வைத்த அந்த மகான் உடம்பில் கோட்டை கட்டிய வம்சத்து ரத்தம் ஓடியிருக்க வேண்டும்.

மேலே வரவேற்பில் நிலா என்ற பெண் டோக்கனை வாங்கிக்கொண்டு, "உக்காருங்கக்கா" என்றாள். எல்லாம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. கை வைத்த நாற்காலியில் ரஞ்சனி உட்காருவதில்லை. உட்காருவது சுலபம், எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே வரும். சுவரோரம் நின்றுகொண்டாள்.

"எட்டு மாசமா?" என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு சிங்கவரத்துப் பெண்.

"அஞ்சு."

"அப்போ ரெட்டையா?"

"ஒண்ணுதாங்க."

"ஓ" என்று அந்தப் பெண் இழுத்த இழுப்பில் ஒரு டவுன் பஸ் திரும்பியிருக்கலாம்.

போன் அடித்தது. சிவசங்கர். "ஆச்சா?"

"இன்னும் உள்ளவே போவல."

"சரி சரி, டென்ஷன் ஆவாத." இது ஒன்பதாவது 'ஆச்சா'. கமிட்டியில் லோடு இறங்குகிறது, வர முடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்டான். டென்ஷன் ஆகாதே என்று ஒருவர் ஒன்பது தடவை சொன்னால் டென்ஷன் எங்கே போகும்? வந்து மடியில் உட்காரும்.

இதற்குள் அரிகிருஷ்ணன் அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் மீசைப் பந்தயத்தைச் சொல்லி முடித்திருந்தார். "மூணே தரம். திரும்பும். கும்புடும்." சிங்கவரத்துப் பெண் வாயைப் பிளந்து கேட்டாள்.

"நம்பாதம்மா" என்றாள் ஆண்டாள். "போன மாசம் மழைய நிறுத்தினேன்னாரு. குடைய எடுத்துனு போனவரு அவருதான்."

பதினோரு மணிக்குப் பதினாலு வந்தது. கூட ஒரு பெண் மட்டும் வரலாம் என்றாள் நிலா. ஆண்டாள் உள்ளே போனாள். அரிகிருஷ்ணன் கதவுக்கு வெளியே, மீசையோடு நின்றார்.

டாக்டர் காயத்ரி சிறிய உருவம். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். பழைய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ரஞ்சனியின் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க? காலைல இன்னா சாப்டீங்க?"

"கொள்ளுக் கஞ்சி."

"நேத்து?"

"கொள்ளு."

"அதுக்கு முந்தின நாள்?"

ரஞ்சனி மாமியாரைப் பார்த்தாள். டாக்டர் ஆண்டாளைப் பார்த்தார். ஆண்டாள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"இளைச்சா தெரியும்னு..." என்று ரஞ்சனியே சொன்னாள்.

"யாரு சொன்னது?" டாக்டரின் குரல் ஏறியது. "ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னது நீங்க இளைக்கறதுக்கு இல்லம்மா, குழந்தை வளர்றதுக்கு! அப்போ அதோட இதயம் ஒத்தப் பருப்புக் கடலை மாதிரி இருந்திருக்கும். இப்போ ரெண்டு பருப்புக் கடலை. பெருசானா பாக்கச் சுலபம். அவ்வளவுதான் விஷயம். வயித்துல பிள்ளைய வச்சுனு பட்டினி கிடக்கறாங்களா யாராவது?"

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஆண்டாள் அதன் இறக்கைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"இந்த மெஷின் சத்தத்த உள்ள அனுப்பி, அது திரும்பி வர்றத வச்சுப் படம் போடுது. தூரம் ஜாஸ்தினா மங்கும். அது மெஷினோட கஷ்டம். உங்க குத்தம் இல்ல."

இரண்டு வாரமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் காத்திருந்தது இந்த ஒரு வரிக்குத்தான். அது வந்தபோது சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் பொங்கி வந்தது. இதை அன்றைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தால் என்ன?

டாக்டர் ஆரம்பித்தார். மேலிருந்து பார்த்தார். திரையில் ஐப்பசி மாதத்து வானம். வயிற்று மடிப்பைத் தூக்கி ஆண்டாளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கீழிருந்து பார்த்தார். முதுகெலும்பு வந்தது. சிறுநீரகம் வந்தது. கை கால் வந்தது. "எல்லாம் நல்லா இருக்குது. ஆனா முதுகக் காட்டினு குப்புறப் படுத்திருக்குது. நெஞ்சு கிடைக்கல."

இருபது நிமிஷம். டாக்டர் தன் மணிக்கட்டை உதறிக்கொண்டார்.

"வெளிய போங்க. வயிறார சாப்டுங்க. அரை மணி நேரம் நடங்க. திரும்ப வாங்க, பாக்கறேன்."

வெளியே வந்ததும் ஆண்டாள் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். கொள்ளுச் சுண்டல். பழக்க தோஷம்.

அதைப் பார்த்ததும் ரஞ்சனிக்குள் ஏதோ அறுந்தது.

"நான் இன்னா ஈரக் கடலையா மாமா?"

ஹால் முழுக்கத் திரும்பியது. அரிகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க. காயவச்சு எடுத்துனு வர்றதுக்கு நான் மூட்டையா? பிள்ளை வளரணும்னுதான் ரெண்டு வாரம் சொன்னாங்களாம். நீங்க எல்லாரும் சேந்து அதுக்குச் சோறு போடாம வச்சிருந்தீங்க. ஒருத்தராவது திரும்பப் போயி அந்த டாக்டர இன்னா ஏதுன்னு கேட்டீங்களா? எனக்குத் தெரியும்னீங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

அரிகிருஷ்ணன் திறந்த வாயை மூடினார். மீசை தானாகவே ஒரு அங்குலம் தொங்கியது. திரும்பி, படிகளில் விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

பத்து நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்தார். கையில் பொட்டலங்கள். இட்லி இருபத்திரண்டு, மூன்று வகைச் சட்னி, ஒரு வடை மாலை என்றே சொல்லலாம், பத்தாததற்குக் கடலை உருண்டை. அவள் பக்கத்து ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தார். எங்கிருந்தோ கை இல்லாத ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கீழே சைக்கிள் கடையில் கேட்டு வாங்கியதாம். அவளுக்கு எந்த நாற்காலி ஆகாது என்பதை அவர் கவனித்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை. உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டாள். கோபத்தோடு இன்னும் இரண்டு சாப்பிட்டாள். நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"ஆச்சா?" என்றான் சிவசங்கர், போனில்.

"இன்னொரு தரம் ஆச்சான்னு கேட்டே, உன் போன் நம்பரயே எடுத்துடுவேன்."

பன்னிரண்டரைக்கு மறுபடி உள்ளே. இந்தத் தடவை டாக்டர் அவளை இடது பக்கம் ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துப் படுக்கச் சொன்னார். திரை அவள் முதுகுப் பக்கம் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைச் சுவரும் அதில் ஒரு பல்லியும்தான். திரைக்கு நேராக ஆண்டாள் உட்கார்ந்தாள்.

"தொப்புள் பக்கம்தான் வழி கொஞ்சம் கிட்ட" என்று டாக்டர் அங்கே வைத்து அழுத்தினார். அசைக்காமல் காத்திருந்தார். "ம்... வருது. வருது. நாலு அறையும் இருக்குது ரஞ்சனி. அழகாத் துடிக்குது."

பல்லி மங்கலாகத் தெரிந்தது. ரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குழாய் டாக்டர்? ரெண்டு குழாய்?"

"அதத்தான் தேடறேன். கைய ரெண்டையும் நெஞ்சு மேலயே கட்டினு படுத்திருக்குது. கை எலும்போட நிழல் விழுந்து மறைக்குது."

இருமச் சொன்னார். இருமினாள். வயிற்றை லேசாகக் குலுக்கினார். இடுப்பை ஆட்டச் சொன்னார். உள்ளே இருந்தது கையை எடுக்கவில்லை. யார் வீட்டுப் பிடிவாதம் என்று ரஞ்சனிக்குத் தெரியாதா?

கதவைத் தட்டிவிட்டு நிலா தலையை நீட்டினாள். "மேடம், இன்னும் ஆறு பேரு. ஒரு மணிக்கு நீங்க கிளம்பணும்."

"ரெண்டு நிமிஷம்." டாக்டர் பெருமூச்சு விட்டார். "இன்னைக்குக் கிடைக்கலேன்னா பாண்டிச்சேரிக்கு எழுதித் தரேன் ரஞ்சனி. இதயம் மட்டும் பாக்கற டாக்டர் இருக்காங்க. என்னால இதுக்கு மேல..."

கதவு இன்னும் முழுசாகச் சாத்தவில்லை.

ரஞ்சனியின் கண்ணீர் ரெக்சின் மெத்தையில் சொட்டியது. இன்னொரு டோக்கன். இன்னொரு ஹால். இன்னொரு 'எட்டு மாசமா?'. அக்காவின் பிள்ளைக்கு இதே குழாய்.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல் கிளம்பியது.

"ஒரு தரம்!"

மேஜை மேல் இருந்த பேனா உருண்டது. நிலா தன் காதைப் பொத்திக்கொண்டாள்.

"செஞ்சி அரிகிருஷ்ணன் கூப்புடறேன்! ரெண்டு தரம்!"

கீழே ரோட்டில் திருவண்ணாமலை பஸ் ஒன்று, தன்னைத்தான் யாரோ நிறுத்துகிறார்கள் என்று பிரேக் போட்டது.

மூன்றாவது உடனே வரவில்லை. வந்தபோது அது ஏலக் குரலாக இல்லை. நடுவில் உடைந்துபோய், கெஞ்சுகிற ஒரு கிழவரின் குரலாக இருந்தது.

"மூணு தரம்... கண்ணு. தாத்தா தப்புப் பண்ணிட்டேன். திரும்புடா கண்ணு."

ரஞ்சனியின் வயிற்றுக்குள் ஒரு பெரிய துள்ளல்.

"அசையாதீங்க!" என்றார் டாக்டர். "மூச்ச அப்படியே நிறுத்துங்க. நிறுத்துங்க..."

டக். டக். டக். மெஷின் படம் பிடித்துக்கொண்டே போனது. பின்னால் ஆண்டாளின் நாற்காலி கிறீச்சிட்டது.

"கிடைச்சிருச்சு. ரெண்டு குழாயும் ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்கே போவுது. இப்படித்தான் இருக்கணும். பக்கத்துல பக்கத்துல நேரா போனாத்தான் தப்பு." டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். "ஸ்கேன்ல நூத்துக்கு நூறுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா பாத்த வரைக்கும் இதயம் நல்லா இருக்குது. மூச்ச விடுங்கம்மா."

ரஞ்சனி மூச்சை விட்டாள். இரண்டு வாரத்து மூச்சு. பல்லி ஓடிப்போனது.

"மாமா கூப்ட்டதுக்கா திரும்புச்சு?"

"குழந்தைங்க தானாவும் அசையும். நீங்க சாப்ட்டீங்க, நடந்தீங்க. சத்தத்துக்குத்தான்னு நான் ரிப்போர்ட்ல எழுதித் தர மாட்டேன்." டாக்டர் சிரித்தார். பிறகு திரையை இன்னொரு தடவை பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "குழந்தைய சுத்தி தண்ணி கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. சுகர் இருந்தா அப்படி ஆவலாம். சுகர் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"மூணாவது மாசம்."

"அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கே பாத்துடுங்க. கொள்ளும் வேணாம், நிலா சொன்ன அந்த இருபத்திரண்டு இட்லியும் வேணாம். ரிசல்ட்டோட வாங்க, பேசலாம்."

அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' ரஞ்சனியின் கூடவே எழுந்து வெளியே வந்தது.

ஹாலில் அரிகிருஷ்ணன் கதவையே பார்த்து நின்றிருந்தார். மீசையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கும்பிடைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"இதயம்...?" என்றார்.

"நல்லா இருக்குது மாமா. குழாயும் சரியா இருக்குது."

அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரஞ்சனி ஜன்னல் திட்டில் மிச்சமிருந்த கடலை உருண்டையில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். மன்னித்துவிட்டதாக அர்த்தமில்லை. சாப்பிடட்டும் என்றுதான்.

சிங்கவரத்துப் பெண்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "அக்கா, அந்தக் கும்புடு? போட்டுச்சா இல்லியா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் செவத்தப் பாத்துனு படுத்திருந்தேன்." ரஞ்சனி மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்ததான் பாத்தாங்க."

மொத்த ஹாலும் ஆண்டாளைப் பார்த்தது. துண்டுக்குள்ளிருந்து அரிகிருஷ்ணனின் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. இல்லை என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், மீசை சாயங்காலத்துக்குள் போய்விடும்.

ஆண்டாள் டிபன் டப்பாவைத் திறந்து, கொள்ளுச் சுண்டல் முழுவதையும் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். டப்பாவை மூடினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மூணாவது தரம் இவரு குரல் உடைஞ்சுது பாரு, அப்போ" என்றாள் மெதுவாக. "நெஞ்சு மேல இருந்த கை ரெண்டையும் எடுத்து, மூஞ்சிக்கு நேரா சேத்து வச்சுது. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

கணவனைப் பார்த்தாள்.

"கும்புட்டுச்சுங்க."